பாக்கிச் சில்லறை

திருச்சி விமான நிலையத்தில்
'கமிஷன் கிடையாது' என்று எழுதிய கவுண்டரில்
பத்தாயிரத்தை நீட்டினேன்.
நாற்பத்திரண்டு ரியாலும்
ஒரு நல்ல சிரிப்பும் கொடுத்தார்கள்.
ரூவிக்கு வந்த அன்று ராத்திரி
அறைத்தோழன் மொயீன் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான்:
நாலு ரியால் அந்தச் சிரிப்புக்குப் போயிருந்தது.

நான் கண்டக்டர்.
முசிறி - துறையூர், தனியார் வண்டி, பதினோரு வருடம்.
நோட்டை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகுகிறவன்.
இருட்டில் நாணயத்தைத் தடவியே
ஒன்றா இரண்டா என்று சொல்லுவேன்.

இங்கே ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா.
புள்ளிக்குப் பின்னால் மூன்று இலக்கம்.
முதல் வாரம் கடையில் ஒரு துண்டை எடுத்து
0.450 என்ற சீட்டைப் பார்த்து
நானூற்றைம்பதா என்று
மடிப்புக் கலையாமல் திருப்பி வைத்தேன்.
புள்ளி கண்ணில் படவில்லை.
சட்டையிலேயே தலை துவட்டினேன் ஏழு நாள்.

பிறகு பெருக்கக் கற்றுக்கொண்டேன்.
டீ நூறு பைசா, இருபத்தொன்றரை ரூபாய்.
முடிவெட்ட ஒரு ரியால்,
வேண்டாம், வளரட்டும்.
கண்ணில் பட்டதையெல்லாம்
இருநூற்றுப் பதினைந்தால் பெருக்கிப் பெருக்கி
பசிகூட
ரூபாயில்தான் எடுத்தது.

சம்பளம் வந்தும்
நாலு நாள் பணம் அனுப்பவில்லை.
அனுப்பாதே, ஏறும் என்றார்கள்.
எக்ஸ்சேஞ்ச் வாசலில்
சிவப்பு எழுத்து ஓடும் பலகையை அண்ணாந்து பார்த்தபடி
நாற்பது பேர்.
214.70.
214.95.
வியாழன் சாயங்காலம் 215.38.
யாரோ கை தட்டினார்கள்.
ஆம்பூர்க்காரர் ஒருவர்
எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.
குடிக்கும்போதுதான் உறைத்தது,
விழுந்தது நம்ம ரூபாய்.
நாங்கள் கீழே நின்று
பொறுக்கிக்கொண்டிருந்தோம்.

"டீசல் ஏறிடுச்சாம்,
மினி பஸ்ஸுல கூட ரெண்டு ரூவா கூட்டிட்டான்"
என்று பொற்கொடி போனில் சொன்னதை
பலகைக்கும் எனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி
கேட்டுக்கொண்டேன்.

வட்டிக்காரருக்குப் போக
வீட்டுக்கும் சேர்த்து பதினைந்தாயிரம்.
கட்டணம் இரண்டு ரியால்.
மொத்தம் 71.645 என்றாள்
கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்.
எழுபத்திரண்டு கொடுத்தேன்.
மூன்று நூறு பைசா நோட்டு,
ஒரு ஐம்பது காசு,
ரசீது.
பார்க்காமலே விரலுக்குத் தெரிந்துவிட்டது.
"அஞ்சு குறையுது."
"அஞ்சு பைசா சில்லறை இல்ல சேட்டா" என்றாள்.
அவள் முகத்தில் கெட்டது எதுவும் இல்லை.

ஒரு ரூபாய் ஏழு பைசா சொச்சம்.

சில்லறை இல்லை.
எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்.
டிக்கெட்டின் முதுகில் எட்டு என்று எழுதி வட்டமிட்டு
இறங்கும்போது வாங்கிக்கம்மா என்பேன்.
பையில் சில்லறை கனத்துக்கொண்டுதான் இருக்கும்.
தூங்கிப்போகிறவர்கள், மறக்கிறவர்கள்,
கூச்சப்படுகிறவர்கள்.
ராத்திரி எண்ணும்போது
அந்தக் குவியலைத் தனியாக ஒதுக்கி
வரும்படி என்று பெயர் வைத்திருந்தேன்.
வெள்ளிக்கிழமை பிரியாணி அதில்தான்.

தண்டலைப்புத்தூரில் ஒருத்தி
மருந்துச் சீட்டும் டிக்கெட்டும் ஒரே கையில்.
இறங்கினவள் திரும்பி
வண்டி கூடவே நாலு எட்டு ஓடிவந்தாள்.
பிறகு நின்றாள்.
எட்டு ரூபாய்க்கு எவ்வளவு தூரம் ஓடலாம் என்று
அவளும் ஒரு கணக்குப் போட்டிருப்பாள்.
நான் இரண்டு விசில் கொடுத்தேன்.

"நெக்ஸ்ட்" என்றாள் கண்ணாடிப் பெண்.

பின்னால் நின்றவன் முழங்கை முதுகில் பட்டது.
கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை இழுத்து
ரசீதைத் திருப்பி
ஐந்து என்று எழுதி
வட்டம் போட்டேன்.

மடித்து மேல்பையில் வைத்திருக்கிறேன்.
விசா இரண்டு வருடம்.
இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.